அந்தப் பக்கம் பிடித்து வைத்திருப்பது யார்?

மெயின்பிரேம் ஓட்டுகிறவர்களிடையே யாரும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட ஒரு கருத்து உண்டு. நமக்கு வேண்டிய டிஸ்கை இன்னொரு சிஸ்டம் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தால் பழுது அந்தப் பிடியில்தான் இருக்கிறது; பிடியை உடைத்துவிட்டால் பழுது தீர்ந்தது. ராத்திரி ஷிஃப்டில் கன்சோலில் ‘ஸ்டார்ட் பெண்டிங்’ செய்திகள் மளமளவென்று விழத் தொடங்கியதும் அவசர அழைப்பில் கூடுகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: “எத்தனை நிமிஷத்தில் விடுவிப்பீர்கள்?” யார் பிடித்திருக்கிறார்கள், எதற்காகப் பிடித்திருக்கிறார்கள் என்று கேட்கிற ஆளை வேலையைக் கெடுக்க வந்தவர் மாதிரி பார்க்கிறார்கள்.

இந்தக் கருத்து தவறு. சூழ்நிலையைப் பொறுத்தது, அவரவர் அனுபவம் என்று சொல்லி மழுப்ப முடியாத அளவுக்குத் தவறு. காத்திருக்கும் சிஸ்டத்தின் பக்கம் நின்றுகொண்டு அந்தப் பூட்டுக்கு உயிர் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல ஒரு வழியும் கிடையாது. அதற்கான சாட்சியம் முழுவதும் மறுபக்கத்தில் இருக்கிறது. அங்கே போய்ப் பார்க்காமல் எடுக்கும் முடிவு வெறும் ஊகம். அதுவும் ஊரார் பணத்தை வைத்து ஆடும் ஊகம்.

பூட்டு எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1964-இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 தலைமுறையிலேயே ஒரே டிஸ்க் வரிசையை இரண்டு கணினிகள் பகிர்ந்துகொள்ளும் வசதி வந்துவிட்டது. இரண்டுக்கும் தனித்தனி நினைவகம். ஒன்று செய்வது மற்றதற்குத் தெரியாது. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது டிஸ்கின் கட்டுப்பாட்டுப் பெட்டி மட்டுமே. ஆகவே பூட்டையும் அங்கேயே வைத்தார்கள். ஒரு நிரல் ‘ரிசர்வ்’ கேட்டால் சேனல் வழியாகப் பதினாறடிமான எண்ணில் பி4 என்ற கட்டளை பெட்டிக்குப் போகும். அதன்பின் முழு டிஸ்கும் அந்தச் சிஸ்டத்துக்கு மட்டும். 94 என்ற கட்டளை போனால் விடுதலை. இடைப்பட்ட நேரத்தில் வேறு எந்தச் சிஸ்டம் கதவைத் தட்டினாலும் ‘பிஸி’ என்ற பதில்தான் வரும். மூன்றாவதாக 14 என்று ஒரு கட்டளையும் உண்டு. யார் பிடித்திருந்தாலும் பிடுங்கி எனக்குக் கொடு என்று அதற்குப் பொருள். நிபந்தனையற்ற ரிசர்வ் என்று பெயர். “உடைக்கக் கூடாது என்றால் ஐபிஎம்மே ஏன் அந்தக் கட்டளையை வைத்தது?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி, கடைசியில் அதற்கு வருகிறேன்.

காத்திருந்த சிஸ்டத்தின் பொறுமை தீர்ந்ததும் ஐஓஎஸ்071ஐ என்ற செய்தி விழும். இந்த டிஸ்குக்கு அனுப்பிய வேலை தொடங்கவே இல்லை என்று அது சொல்லும். கூடவே ஐஓஎஸ்431ஐ என்று இன்னொன்று வரும். டிஸ்கைப் பிடித்திருக்கும் இயந்திரத்தின் வரிசை எண், அதற்குள் எந்தப் பகுதி என்று சொல்லும் எல்பார் அடையாளம், தெரிந்தால் அந்தச் சிஸ்டத்தின் பெயர் எல்லாம் அதில் இருக்கும். பிடித்தவரின் முகவரியையே கன்சோல் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறது. இத்தனைக்கும் பிறகு அவசர அழைப்பில் அந்த இரண்டாவது வரியை வாய்விட்டுப் படிக்கிறவர் அபூர்வம்.

அந்தப் பூட்டுக்குள் என்ன நடக்கிறது? ஒவ்வொரு டிஸ்கிலும் விடிஓசி என்ற பொருளடக்கப் பகுதி உண்டு. எந்தத் தரவுத்தொகுதி எந்த ட்ராக்கில் தொடங்கி எதில் முடிகிறது, எங்கெல்லாம் காலியிடம் என்ற கணக்கு அதில் இருக்கும். புதிதாக ஒரு தொகுதிக்கு இடம் ஒதுக்கும் நிரல் அந்தக் கணக்கைப் படித்து, காலியிடத்தைத் தேர்ந்து, திருத்தி எழுதுகிறது. படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் இன்னொரு சிஸ்டம் அதே கணக்கைப் படித்துவிட்டால் அதே காலியிடம் அதற்கும் காலியாகவே தெரியும். சார்பதிவாளர் அலுவலகத்தில் இரண்டு எழுத்தர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே சர்வே எண்ணை இரண்டு பேருக்குக் கிரயம் பதிந்துகொடுத்த கதைதான். பதிந்த அன்றைக்கு இரண்டு பேருமே சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். வில்லங்கம் வெளியே வர நாளாகும்.

டிஸ்கிலும் அப்படியே. இரண்டு தொகுதிகள் ஒரே ட்ராக்குகளில் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருப்பது அந்த இரவில் தெரியாது. எழுதிய வேலைகள் எல்லாம் பூஜ்யக் குறியீட்டோடு முடியும். மாதக் கடைசியில் எவரோ பழைய தொகுதியைத் திறந்து, அதில் வேறொரு கோப்பின் பதிவுகளைக் கண்டு திகைக்கும்போதுதான் விஷயம் வெடிக்கும். அதற்குள் ஒவ்வொரு இரவும் எடுத்த காப்புப் பிரதிகள் அந்தச் சேதத்தையே அச்சுப் பிசகாமல் படியெடுத்து வைத்திருக்கும். ரிசர்வ் உடைத்த இரவுக்கும் இந்த நாளுக்கும் முடிச்சுப் போட அப்போது யாராலும் முடியாது. உடைத்தவர் “இருபது வருஷமாக இப்படித்தான் செய்கிறோம், ஒன்றும் ஆகவில்லை” என்று சொல்லிக்கொண்டிருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனதை அவரிடம் வந்து யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பூட்டை வைத்த ஆட்கள் இதையெல்லாம் யோசிக்காதவர்கள் அல்ல. விடிஓசியின் தலைப்புப் பதிவில் டிர்ஃப் என்று ஒரு பிட் இருக்கிறது. இடம் ஒதுக்கும் வேலை தொடங்கும்போது அதை ஏற்றிவைத்து, முடிந்ததும் இறக்கிவிடுவார்கள். நடுவில் சிஸ்டம் செத்துப்போனால் பிட் ஏறியபடியே நிற்கும். அடுத்து வருகிற சிஸ்டம் அதைப் பார்த்து, யாரோ பாதி வேலையில் போய்விட்டார்கள் என்று புரிந்துகொண்டு காலியிடக் கணக்கைச் சரிசெய்யும். அழகான ஏற்பாடு. இனி, பூட்டுக்காரச் சிஸ்டம் சாகவில்லை, மெதுவாக வேலை செய்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பிடியை உடைத்து உள்ளே போகிறீர்கள். பிட் ஏறியிருக்கிறது. உங்கள் சிஸ்டம் என்ன நினைக்கும்? இறந்தவர் விட்டுப்போன வேலை என்று நினைத்துச் சீர்திருத்தத் தொடங்கும். அங்கே உயிரோடு இருப்பவரும் தன் பாதி வேலையை முடித்து எழுதுவார். பூட்டைப் பிடித்தபடி ஒரு சிஸ்டம் சாகலாம் என்பதற்கு இந்த வடிவமைப்பில் மருந்து உண்டு. சாகாத சிஸ்டத்தைச் செத்ததாக நாமே அறிவித்துவிடுவதற்கு மருந்து கிடையாது.

இங்கேதான் எதிர்த்தரப்பின் பலமான வாதம் வருகிறது. “அந்தச் சிஸ்டம் செத்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். கன்சோல் பதில் சொல்லவில்லை, ஆன்லைன் நின்றுவிட்டது, பிறகு எதற்கு இந்த ஆராய்ச்சி?” பதில் சொல்லாத சிஸ்டம் எல்லாம் செத்த சிஸ்டம் இல்லை. இயந்திரத்தையே நிர்வகிக்கும் எச்எம்சி கன்சோலில் யாரோ ஸ்டாப் அழுத்தியதால் அந்த எல்பார் உறைந்து நிற்கலாம். பெரிய டம்ப் எடுத்துக்கொண்டிருக்கலாம். ஏதோ ஒரு லாக்குக்காகச் சுழன்றுகொண்டிருக்கலாம். இசட்/விஎம்மின் கீழே ஓடும் விருந்தாளிச் சிஸ்டமாக இருந்தால் அதற்குச் செயலி நேரமே கிடைக்காமல் இருக்கலாம். இவை அத்தனையிலும் அந்தச் சிஸ்டத்தின் நினைவகத்தில் எழுத வேண்டிய பதிவு தயாராக இருக்கிறது. யாராவது ஸ்டார்ட் அழுத்திய மறுகணம் நிறுத்திய இடத்திலிருந்தே அது தொடரும். தான் உறைந்திருந்தது அதற்குத் தெரியாது. பிடுங்கப்பட்ட டிஸ்கை நீங்கள் திருத்தி முடித்து விட்டுவிட்ட பிறகு, பழைய கணக்கை வைத்துக்கொண்டு அது எழுத வரும்.

பல சிஸ்டங்களை ஒரே குழுவாகப் பிணைத்த சிஸ்பிளெக்ஸில் இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து வேறு வேஷத்தில் வருகிறது. ஒரு உறுப்புச் சிஸ்டம் மௌனமானதும் மற்றது ஐஎக்ஸ்சி102ஏ என்று ஆப்பரேட்டரிடம் கேள்வி கேட்கிறது. அந்தச் சிஸ்டத்தை ரீசெட் செய்த பிறகு ‘டவுன்’ என்று பதில் கொடு என்பது அதன் சாரம். ‘செய்த பிறகு’ என்ற பகுதியைப் பலரும் படிப்பதில்லை. டவுன் என்று தட்டினால் நகர்ந்துவிடும் என்று தெரியும், தட்டிவிடுகிறார்கள். அந்தப் பதில் தட்டியவுடன் மிச்சமுள்ள சிஸ்டங்கள் இறந்தவரின் உரிமைகளை எல்லாம் பங்குபோடத் தொடங்குகின்றன. ரீசெட் நடந்திருந்தால் இறந்தவர் உண்மையிலேயே இறந்தவர். கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்த ரிசர்வும் அந்த ரீசெட்டோடு தானே விழுந்திருக்கும். நடக்காவிட்டால் ஆப்பரேட்டர் ஒரு பொய்ச் சாவுச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஐபிஎம் அந்தக் கேள்வியை மனிதரிடம் விட்டுவைத்ததற்குக் காரணம், கேட்கிற சிஸ்டத்துக்கே பதில் தெரியாது என்பதுதான்.

“ஆட்டோமேஷன் வந்துவிட்டது, இதெல்லாம் பழங்கதை” என்பார்கள். ஆட்டோமேஷனை உள்ளே திறந்து பார்த்தால் என் பக்கம்தான் நிற்கிறது. சிஸ்பிளெக்ஸ் ஃபெய்லியர் மேனேஜ்மென்ட் என்ற எஸ்எஃப்எம் கொள்கையைப் போட்டுவைத்தால் மௌனமான சிஸ்டத்தை இயந்திரமே ஒதுக்கிவைக்கும். எப்படி? முதலில் அதன் உள்ளீடு–வெளியீட்டு வழிகளை அடைத்து, இனி எந்த டிஸ்கிலும் எழுத முடியாமல் செய்துவிட்டு, அதற்குப் பிறகே உரிமைகளைப் பங்குபோடும். இசட்/ஓஎஸ் 1.11 வந்தபோது பிசிபிஐஐ வழியாக இன்னொரு வசதி சேர்ந்தது: அடுத்த சிஸ்டம் உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்று வன்பொருளிடமே நேரடியாகக் கேட்டு, தேவையானால் ரீசெட் செய்துவிட்டு, பிறகு அடுத்த படிக்குப் போவது. பல வருஷம் உழைத்து ஐபிஎம்மின் பொறியாளர்கள் வேகப்படுத்தியது சாவை உறுதிசெய்யும் வேலையை. பூட்டை உடைக்கும் வேலையை யாரும் வேகப்படுத்தித் தரவில்லை. நம் அவசர அழைப்புகளில் நாம் கேட்பதோ அந்த இரண்டாவதை.

ஒரு சின்ன விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், எரிச்சலோடுதான். காத்திருக்கும் சிஸ்டத்தில் உட்கார்ந்துகொண்டு ‘வேரி ஆஃப்லைன் ஃபோர்ஸ்’ கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் மறுபக்கத்தின் பூட்டு ஒரு இழைகூட அசையாது. அந்த டிஸ்கைத் தன் சிஸ்டத்திலேயே ‘பாக்ஸ்’ செய்துவிடுவார்கள், அவ்வளவே. அதன்பின் அந்த டிஸ்குக்குப் போகும் ஒவ்வொரு வேலையும் நிரந்தரப் பிழையோடு திரும்பி வரும். காத்திருந்தால் பிழைத்திருக்கும் ஜாப்கள் அத்தனையும் சாகும். அதே கட்டளையைப் பிடித்திருக்கும் சிஸ்டத்தில் கொடுத்தால் பிடி விடுபடும்; ஆனால் அங்கேயும் டிஸ்க் பாக்ஸ் ஆகும், நடுவிலிருந்த எழுத்து அறுபடும். சேனல் வழி பழுதானதால் தன் ரிசர்வை விட்டுக்கொடுக்க நேர்ந்த சிஸ்டம் அந்த டிஸ்கைத் தானே பாக்ஸ் செய்துகொள்வதைக் கவனித்திருக்கிறீர்களா? பிடி போன பிறகு எழுதுவதைவிட எழுதாமலே இருப்பது மேல் என்று இயங்குதளத்தை எழுதியவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். நாம் அவர்களைவிடத் துணிச்சல்காரர்கள்.

அடுத்தது பணம். ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம், ஆகவே உடை என்ற வாதத்துக்குச் செவிசாய்க்காமல் இருக்க முடியாது. ஆன்லைன் நின்ற வங்கியின் வாடிக்கையாளர் ஏடிஎம் வாசலில் நிற்பது நிஜம். ஆனால் கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் எழுதுகிறார்கள். பிடித்தவரைக் கண்டுபிடிக்க என்ன வேண்டும்? பூட்டுகளின் கணக்கை வைத்திருக்கும் ஜிஆர்எஸ்ஸிடம் டிஸ்க் எண்ணைப் போட்டு ‘டி ஜிஆர்எஸ், டெவ்’ என்று கேட்டால் அதன்மேல் நிற்கும் ரிசர்வ் வேண்டுகோள்கள் வரும். மறுபக்கத்தில் ‘டி ஜிஆர்எஸ், சி’ கொடுத்தால் எந்த வளத்தை எந்த ஜாப் பிடித்திருக்கிறது, பின்னால் யார் யார் வரிசையில் நிற்கிறார்கள் என்று வரும். வளத்தின் பெயரே பாதிக் கதையைச் சொல்லிவிடும். சிஸ்விடிஓசி என்றால் யாரோ இடம் ஒதுக்குகிறார்கள், அல்லது முழு டிஸ்குக்கும் டம்ப் ஓடுகிறது. சிஸ்இசட்ராக்ஃப் என்றால் பாதுகாப்புத் தரவுத்தளம். சிஸ்ஐஜிஜிவி2 என்றால் எந்தத் தொகுதி எந்த டிஸ்கில் என்று சொல்லும் கேட்டலாக். எஸ்பிஎஃப்எடிட் என்றால் யாரோ ஒருவர் ஐஎஸ்பிஎஃப்பில் எதையோ சேமித்துக்கொண்டிருக்கிறார்.

பெரும்பாலும் அந்த ஜாப்பை கேன்சல் செய்தால் போதும். கேன்சல் என்பது மீட்பு நிரல்களை ஓடவிட்டு, பிடித்ததை முறையாக விடுவிக்கும் கதவு. எந்த ஜாப், பாதியில் நிறுத்தினால் எதை மறுபடி ஓட்ட வேண்டும் என்பதை அந்த வேலையின் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். இதற்கு ஆகும் நேரத்தையும், கேட்டலாக் சிதைந்தபின் ஒவ்வொரு தொகுதியாகத் தோண்டி எடுக்கும் நேரத்தையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன் என்கிறார்கள். முதலாவது இந்த ஷிஃப்டின் அறிக்கையில் வரும், இரண்டாவது வேறு யாருடைய அறிக்கையிலோ வரும். இந்த வாதத்தின் வலிமை முழுக்க அதில்தான் அடங்கியிருக்கிறது.

இரண்டு சிஸ்டமும் உயிரோடு, இரண்டுமே நியாயத்தோடு முட்டிக்கொள்வதும் உண்டு. ஒன்று முதல் டிஸ்கைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதுக்காக நிற்கும். மற்றது இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு முதலாவதுக்காக நிற்கும். இங்கே எந்தப் பூட்டை உடைப்பீர்கள்? எதை உடைத்தாலும் நடுவேலையில் இருக்கும் ஒருவரின் கையை வெட்டுகிறீர்கள். ஒரு ஜாப்பைத் தேர்ந்து நிறுத்துவதே வழி. அதையும் இரண்டு பக்கத்தையும் பார்த்தவரால்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

வெளியிலிருந்து வரும் ஏளனம் ஒன்று உண்டு. முழு டிஸ்கையும் பூட்டுவது அறுபதுகளின் கிழட்டுத்தனம், நவீன உலகத்தில் இந்தச் சிக்கலே இல்லை என்பது. அந்த நவீன உலகத்தையே பாருங்கள். விஎம்வேர் தன் விஎம்எஃப்எஸ் கோப்பமைப்பில் ஒரு சிறு விவரத்தை மாற்றுவதற்காக லன் எனப்படும் முழுச் சேமிப்பு அலகையும் ஸ்கஸி ரிசர்வேஷனால் பூட்டிக்கொண்டிருந்தது. 2010-இல் விஸ்பியர் 4.1-இல்தான் நுண்ணிய பூட்டுக்கு மாறும் வசதி வந்தது. லினக்ஸ் கிளஸ்டர்காரர்கள் பதில் சொல்லாத கணினியின் மின்சாரத்தையே வெட்டிவிட்டுத்தான் அதன் டிஸ்கைத் தொடுவார்கள். ஸ்டோனித் என்று அதற்கு ஒரு முரட்டுப் பெயரும் வைத்திருக்கிறார்கள். 2016-இல் மார்ட்டின் கிளெப்மன், ரெடிஸின் ரெட்லாக் முறையை விமர்சித்து எழுதியபோது காட்டிய உதாரணம் மெயின்பிரேம்காரர்களுக்குப் புதிதே இல்லை: பூட்டைப் பிடித்த நிரல் குப்பை அள்ளும் வேலையில் சிறிது நேரம் உறைந்துவிடுகிறது, காலக்கெடு தீர்ந்து பூட்டு வேறொருவருக்குப் போகிறது, உறைந்தவர் விழித்தெழுந்து பழைய உரிமையோடு எழுதுகிறார். எச்எம்சியில் ஸ்டாப் அழுத்தப்பட்ட எல்பாரும் இதைத்தான் செய்கிறது.

இன்னும் கிட்டத்தில் பார்க்க வேண்டுமா? செத்த நோடில் ஒட்டிக்கொண்டிருக்கும் வால்யூமை விடுவிக்கக் குபர்நெடிஸ் தந்திருக்கும் வழியைப் பாருங்கள். அந்த நோடுக்கு ‘அவுட்-ஆஃப்-சர்வீஸ்’ என்ற அடையாளத்தை நிர்வாகி கைப்படப் போட வேண்டும். நோட் உண்மையிலேயே அணைந்துவிட்டது என்பதை உறுதிசெய்துகொண்ட பிறகே போட வேண்டும் என்று ஆவணம் எச்சரிக்கிறது. 1.28 பதிப்பில், 2023-இல், அந்த வசதி முழுமை பெற்றது. ஐஎக்ஸ்சி102ஏ கேட்கும் அதே கேள்வி, அதே நிபந்தனை. அரை நூற்றாண்டுப் பழசு என்று கேலி செய்தவர்கள் சுற்றி வந்து அதே வாசலில் நிற்கிறார்கள். இதில் எனக்குச் சின்ன சந்தோஷம் இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை.

நம் ஆட்களிடமிருந்தே வரும் இன்னொரு கருத்தோடு எனக்கு அதிகம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. அதில் பாதி உண்மை என்பதால். “எல்லா ரிசர்வையும் ஜிஆர்எஸ் வழியாக மாற்றிவிடு, வன்பொருள் பூட்டே இருக்காது.” 1980-களில் வந்த ஜிஆர்எஸ், சிஸ்டங்கள் ஒன்றோடொன்று பேசி, டிஸ்கைப் பூட்டாமல் குறிப்பிட்ட தொகுதியின் பெயரை மட்டும் பூட்டிக்கொள்ள வழிசெய்தது. 1990-களின் நடுவில் கப்ளிங் ஃபெசிலிட்டியை நடுவில் வைத்த ஸ்டார் வடிவம் வந்தபின் அது வேகமாகவும் ஆயிற்று. ஆர்என்எல் பட்டியலில் வளத்தின் பெயரை எழுதிவைத்தால் ரிசர்வ் தானாகப் பெயர்ப் பூட்டாக மாறிவிடும். இதைச் செய்ய வேண்டும். 1970-இல் வந்த 3330 டிஸ்குப் பொதியில் 100 மெகாபைட் இருந்தபோது முழு டிஸ்கையும் பூட்டுவதில் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. இன்றைய 3390 வகை வால்யூம் ஒரு டெராபைட் வரை போகிறது. அதை ஒருவருக்காகப் பூட்டினால் வெளியே நிற்கும் கூட்டம் மிகப் பெரியது.

ஆனால் இந்த மாற்றம் பலிப்பது, அந்த டிஸ்கைத் தொடும் ஒவ்வொரு சிஸ்டமும் ஒரே ஜிஆர்எஸ் குழுவில் இருக்கும்போது மட்டும். குழுவுக்கு வெளியே ஒரே ஒரு சிஸ்டம், சோதனைக்கென்று எழுப்பியதோ பேரிடர் ஒத்திகைக்கென்று எழுப்பியதோ, அதே டிஸ்கைப் பார்த்துக்கொண்டிருந்தால் கதை தலைகீழ். குழுவிலுள்ளவர்கள் தங்களுக்குள் பெயரைப் பூட்டிக்கொண்டு நிம்மதியாக எழுதுவார்கள். வெளியிலிருப்பவருக்கு அந்தப் பேச்சு காதில் விழாது. அவரைத் தடுத்துக்கொண்டிருந்த ஒரே பொருள் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்த அந்த வன்பொருள் பூட்டு. அதைத்தான் நீங்கள் எடுத்துவிட்டீர்கள். பிடிஎஸ்இ என்ற வகை நூலகத் தொகுதிகளில் இந்தப் பாடத்தைப் பல இடங்களில் வலியோடு கற்றிருக்கிறார்கள்: சிஸ்பிளெக்ஸ் எல்லையைத் தாண்டி இரண்டு பக்கமும் எழுதினால் நூலகம் சிதையும், அந்தப் பயன்பாட்டை ஐபிஎம் ஆதரிப்பதே இல்லை. அங்கே ‘ஸ்டார்ட் பெண்டிங்’ செய்தி வராது, ராத்திரி யாரையும் எழுப்பாது. ஆகவே அவசர அழைப்பும் இல்லை. அதுதான் பயங்கரம். பூட்டு தென்படாததைப் பார்த்துச் சிக்கலே இல்லை என்று நினைப்பதும், பூட்டு தென்பட்டதும் அதுவே சிக்கல் என்று நினைப்பதும் ஒரே மனப்பாங்கின் இரண்டு வெளிப்பாடுகள்.

பழுது வேறெங்கோ இருக்கிறது. எந்த டிஸ்கை எந்தெந்தச் சிஸ்டம் பார்க்கிறது என்ற வரைபடம் பல இடங்களில் யாரோ ஒரு மூத்த சிஸ்டம் புரோகிராமரின் தலைக்குள் மட்டும் இருக்கிறது. அவர் ஓய்வு பெற்றுப் போகும்போது கூடவே போகிறது. முழு டிஸ்க் டம்பை எந்த நேரத்தில் ஓட்டுவது என்று ஒரு குழு தீர்மானிக்கிறது, அதே டிஸ்கில் பகலில் இடம் ஒதுக்கும் வேலையை இன்னொரு குழு திட்டமிடுகிறது, இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. சென்னையிலிருந்து இதை எழுதும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க, ஐரோப்பிய வங்கிகளின் மெயின்பிரேம்களை இங்கே பழைய மகாபலிபுரம் சாலையில் உட்கார்ந்து இரவெல்லாம் காக்கும் பிள்ளைகள் ஏராளம். ஒப்பந்தத்தைப் பிரித்துக் கொடுக்கும்போது உற்பத்திச் சிஸ்டம் ஒரு நிறுவனத்துக்கும் சோதனைச் சிஸ்டம் வேறொரு நிறுவனத்துக்கும் போய்விடுகிறது. டிஸ்கோ இரண்டுக்கும் பொது. பூட்டு விழும் இரவில் இங்கே இருக்கும் பையனுக்கு அந்தப் பக்கத்துக் கன்சோலில் ஒரு டிஸ்ப்ளே கட்டளை கொடுக்கக்கூட அனுமதி இருக்காது. பார்க்கிற உரிமையை மறுத்துவிட்டு “எத்தனை நிமிஷத்தில்?” என்று கேட்டால் அவனால் என்ன செய்ய முடியும்? அவன் கைக்கு எட்டும் ஒரே கருவி உடைப்பதாக இருந்தால் உடைக்கத்தான் செய்வான். அவனைத் திட்டுவதில் அர்த்தமில்லை. மறுபக்கத்தைப் பார்க்கும் அனுமதி, வெறும் பார்க்கும் அனுமதி, ஒப்பந்தத்தில் இல்லாமல் போனது யாருடைய கவனக்குறைவு என்று கேட்க வேண்டும்.

இனி அந்த 14 என்ற கட்டளை. பிடித்திருந்த சிஸ்டம் ரீசெட் ஆகிவிட்டது, அல்லது அந்த இயந்திரத்துக்கே மின்சாரம் இல்லை என்பதை ஒருவர் எச்எம்சியில் கண்ணால் பார்த்திருக்கிறார். ஆனாலும் பெட்டி இன்னும் ‘பிஸி’ என்கிறது. வழி பழுதானதால் விடுவிக்கும் செய்தி அதற்குப் போய்ச் சேரவில்லை. அல்லது ஒரு சிஸ்டம் தன் ஒரு பாதை பழுதாகித் தன் பூட்டையே தன்னால் திறக்க முடியாமல் மாட்டிக்கொண்டு, மற்றொரு பாதை வழியாக அதை மீட்க வேண்டியிருக்கிறது. நிபந்தனையற்ற ரிசர்வ் இந்த நிலைமைகளுக்காக எழுதப்பட்டது. பூட்டுக்குப் பின்னால் எழுதுவதற்கு ஆள் இல்லை, அல்லது அந்த ஆளே கேட்கிறார் என்பது நிச்சயமான பிறகு அதைப் பயன்படுத்துவதில் எனக்கு ஒரு தயக்கமும் கிடையாது.

பயன்படுத்தியபின் டிஸ்கை அப்படியே ஆன்லைனுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. விடிஓசியையும் அதன் அட்டவணையையும் பார்க்க வேண்டும். கேட்டலாக் இருந்த டிஸ்க் என்றால் ஐடிகேம்ஸின் டயக்னோஸ் ஓட வேண்டும். ராக்ஃப் பாதுகாப்புத் தரவுத்தளம் என்றால் ஐஆர்ஆர்யுடி200. எந்த ஜாப் நடுவில் அறுந்தது, அது எந்தத் தொகுதியில் எழுதிக்கொண்டிருந்தது என்பதை ஷிஃப்ட் குறிப்பில் பெயரோடு எழுதிவைக்க வேண்டும்; காலையில் வருகிற சேமிப்பகக் குழு அந்தத் தொகுதிகளை முதலில் திறந்து பார்க்கும்.